ஒன்ராறியோவில் ஜூரி தெரிவு: குற்றம் சாட்டப்பட்டவர் எதை, எப்போது கேட்கலாம்

இலங்கையில் ஒரு வழக்கு ஜூரி முன் போனால், எந்த மொழி பேசும் ஜூரி வேண்டும் என்று எதிரியே, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரே, கேட்க முடியும். தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் கொலை வழக்கில் எதிரிகள் சிங்களம் பேசும் ஜூரியைக் கேட்டு வாங்கியதும், 2016 டிசம்பரில் அந்த ஜூரி அவர்களை விடுவித்ததும் நமக்கெல்லாம் தெரிந்த கதை. அந்த ஞாபகத்தில்தானோ என்னவோ, இங்கே ரொறன்ரோவில் பிள்ளை வழக்கில் மாட்டினால் தாய் தகப்பன் சட்டத்தரணியிடம், "எங்கட ஆக்கள் ரெண்டு மூண்டு பேரை ஜூரியில போடேலாதோ?" என்று கேட்கிறார்கள். போடேலாது. ஆங்கிலத்தில் விசாரிப்பதா பிரெஞ்சில் விசாரிப்பதா என்று மட்டும்தான் கனடாவில் நீங்கள் கேட்கலாம். அமெரிக்க டிவி நாடகங்களில் காட்டுவதுபோல ஒவ்வொருவரையும் மணிக்கணக்கில் குடைந்து கேள்வி கேட்கவும் முடியாது. 2019க்குப் பிறகு, காரணமே சொல்லாமல் "இவர் வேண்டாம்" என்று ஒருவரைக் கழிக்கவும் முடியாது.

அதற்காகக் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். இருக்கும் உரிமைகள் பெறுமதியானவைதான், ஆனால் அவற்றில் முக்கால்வாசி தெரிவு நாளுக்கு வெகு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டியவை. அன்று காலை கோட்டு வாசலில் நின்று சட்டத்தரணியின் காதில் சொல்வதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் இந்தக் கட்டுரையில் தெரிவு நாளைவிட அதற்கு முந்தைய மாதங்கள்தான் அதிக இடம் பிடிக்கும். (இது பொது விளக்கம். உங்கள் கோப்பைப் படித்த சட்டத்தரணி வேறு மாதிரிச் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.)

முதலில், உங்கள் வழக்குக்கு ஜூரி உண்டா?

எல்லா வழக்குக்கும் இல்லை. 1982இல் வந்த உரிமைகள் சாசனத்தின் 11ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒரு குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டு சிறையோ அதற்கு மேலோ என்றால் ஜூரி விசாரணை உங்கள் உரிமை. கொலை வழக்கு தானாகவே ஜூரிக்குப் போய்விடும். நீங்களும் அட்டர்னி ஜெனரலும் சேர்ந்து சம்மதித்தால் மட்டுமே நீதிபதி தனியாக விசாரிப்பார். மறுபக்கம், சில்லறைத் திருட்டு போன்றவற்றுக்கு ஜூரி கிடையாது.

நடுவில் இருப்பதுதான் குழப்பமான பகுதி. அடிதடி, மிரட்டல் போன்ற பல குற்றச்சாட்டுகளைச் சிறிய முறையில் நடத்துவதா பெரிய முறையில் நடத்துவதா என்பதைக் கிரவுன், அதாவது அரசுத் தரப்பு, தீர்மானிக்கும். சிறிய முறை என்று கிரவுன் சொல்லிவிட்டால் ஜூரிப் பேச்சே இல்லை. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: குடியுரிமை இல்லாதவர்கள், பிஆர் (நிரந்தர வதிவாளர்) ஆக இருந்தாலும், "சின்ன முறைதானே" என்று ஆறுதல் அடையக் கூடாது. குடிவரவுச் சட்டத்தின் கண்ணில், பெரிய முறையிலும் நடத்தக்கூடிய குற்றம் எப்போதும் பெரிய குற்றம்தான், கிரவுன் எப்படி நடத்தினாலும் சரி. ஜூரியா இல்லையா என்று யோசிக்கும் அதே நேரத்தில் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடமும் ஒருக்கால் கேட்டுவிடுங்கள்.

பெரிய முறை என்றால் உங்களுக்கு மூன்று வழி: ஒன்ராறியோ கோட் ஒவ் ஜஸ்டிஸ் நீதிபதி, சுப்பீரியர் கோட் நீதிபதி மட்டும், அல்லது சுப்பீரியர் கோட் நீதிபதியும் ஜூரியும். ரொறன்ரோவில் முதல் வகை இப்போது பெரும்பாலும் டவுன்டவுனில் உள்ள ஆர்மரி தெருக் கட்டடத்தில் நடக்கிறது, முன்பு ஸ்காபுறோவில் நடந்த வழக்குகளும் அங்கேதான் போயிருக்கின்றன. ஜூரி வழக்குகள் பக்கத்தில் 361 யுனிவர்சிட்டி அவென்யூவில். இரண்டையும் மாற்றிப் போய் நிற்பவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன்.

இந்தத் தெரிவு உங்களுடையது. சட்டத்தரணி ஆலோசனை சொல்வார், சொல்லவும் வேண்டும், ஆனால் "நீங்களே பாத்துச் செய்யுங்கோ" என்று அவர் தலையில் கட்டிவிட்டுப் போக வேண்டாம். ஜூரி என்றால் 12 பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். ஒருவர் உடன்படாவிட்டாலும் குற்றவாளி என்ற தீர்ப்பு இல்லை. அது உங்களுக்குச் சாதகம். ஆனால் ஜூரி காரணம் எழுதித் தருவதில்லை, உள்ளே என்ன கதைத்தார்கள் என்பதை ஜூரிமார் வெளியே சொல்வது கனடாவில் குற்றம். நீதிபதி தனியாகத் தீர்ப்புச் சொன்னால் பக்கம் பக்கமாகக் காரணம் வரும், அதில் பிழை கண்டுபிடித்து மேன்முறையீடு செய்யலாம். வழக்கு முழுக்கச் சட்ட நுணுக்கத்தில் நிற்கிறது என்றால் நீதிபதி நல்லது, யாரை நம்புவது என்பதில் நிற்கிறது என்றால் ஜூரியை யோசிக்கலாம் என்று சட்டத்தரணிகள் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

தவணைக்குப் போகாமல் விட்டால் ஜூரி உரிமையே போகும்

இது பலருக்குத் தெரியாது. ஜூரி விசாரணையைத் தெரிந்தெடுத்துவிட்டு, விசாரணைக்கு வர வேண்டிய நாளில் நியாயமான காரணம் இல்லாமல் வராமல் விட்டால், பிடிவிறாந்து போவது ஒரு பக்கம் இருக்க, அதற்குப் பிறகு ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டுமே விசாரிக்கலாம் என்று குற்றவியல் சட்டக் கோவை சொல்கிறது. சாசனம் கொடுத்த உரிமைதான், ஆனாலும் இந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. உண்மையிலேயே ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள் என்றால் அதற்கான கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மொழிபெயர்ப்பாளரை முதல் நாளே கேளுங்கள்

சாசனத்தின் 14ஆம் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. குற்ற வழக்கில் இதற்கு நீங்கள் காசு கட்ட வேண்டியதில்லை. நம் ஆட்களுக்கு இதில் ஒரு வீம்பு இருக்கிறது. இருபது வருடம் வேலை செய்த ஆங்கிலம் இருக்கிறது, எதற்கு மொழிபெயர்ப்பாளர், ஜூரி என்ன நினைக்கும் என்பார்கள். கடையில் பேசும் ஆங்கிலம் வேறு, ஒரு நீதிபதி நூறு பேருக்கு முன்னால் "நியாயமான சந்தேகம்" என்றால் என்ன என்று விளக்கும் ஆங்கிலம் வேறு. 1994இல் டிரான் என்ற வியட்நாமியர் ஒருவரின் வழக்கில், மொழிபெயர்ப்பு இடைவிடாமல், துல்லியமாக, பாரபட்சம் இல்லாமல், தகுதியானவரால், உடனுக்குடன் நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அளவுகோல் வைத்தது. கடைசியில் சுருக்கிச் சொல்வது மொழிபெயர்ப்பு ஆகாது. ஜூரி தெரிவும் விசாரணையின் பகுதிதான், ஆகவே அன்றைக்கும் மொழிபெயர்ப்பாளர் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். சாட்சியம் தொடங்கும் நாளுக்கு மட்டும் பதிவு செய்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத் தமிழ் புரியாத மொழிபெயர்ப்பாளர் வந்தாலும், உங்களுக்கு அவர் பேசுவது விளங்காவிட்டாலும், தலையாட்டிக்கொண்டு இருக்காமல் கையை உயர்த்துங்கள்.

பாரபட்சக் கேள்வி: இதைத்தான் மறக்கக் கூடாது

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். முன்பெல்லாம் இரு தரப்புக்கும் காரணம் சொல்லாமல் ஜூரிமாரைக் கழிக்கும் உரிமை இருந்தது: முதல்தரக் கொலைக்கு 20 பேர், 5 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்கு 12 பேர், மற்றவற்றுக்கு 4 பேர். 2018இல் சஸ்காச்சுவானில் கோல்டன் பூஷி என்ற பழங்குடி இளைஞரைச் சுட்ட வழக்கில் ஜெரல்ட் ஸ்டான்லி விடுதலையானார்; பார்வைக்குப் பழங்குடியினராகத் தெரிந்தவர்களை ஸ்டான்லியின் தரப்பு இந்த உரிமையை வைத்துத்தான் கழித்தது என்று நாடே கொதித்தது. 2019 செப்டம்பர் 19 முதல் இந்த உரிமை இரு தரப்புக்கும் இல்லை. அன்றைக்கே ஜூரி தெரிவு வைத்திருந்த சௌகான் என்பவர் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். மாற்றம் செல்லும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது, விரிவான காரணங்கள் 2021இல் வெளிவந்தன.

என் அபிப்பிராயம் கேட்டால், இது ஒரு கதவை அடைத்துவிட்டு இன்னொன்றைச் சரியாகத் திறக்காத வேலை. பழங்குடி மக்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் முறைத்துப் பார்க்கும் ஒருவரைக் கழிக்க ஒரு கறுப்பின இளைஞனுக்கோ தமிழ் இளைஞனுக்கோ இருந்த ஒரே வழியும் அதோடு போனது. சரி, போனது போகட்டும். இருப்பது என்ன?

காரணம் காட்டி ஆட்சேபிக்கும் உரிமை இருக்கிறது, அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஒருவர் பாரபட்சம் இல்லாதவர் அல்ல, கனடியக் குடிமகன் அல்ல, விசாரணை நடக்கும் மொழி தெரியாதவர், இரண்டு ஆண்டோ மேலோ சிறைத்தண்டனை பெற்று மன்னிப்புப் பெறாதவர் என்பவை அந்தக் காரணங்களில் சில. இவற்றில் பாரபட்சம்தான் நமக்கு வேண்டியது. 1993இல் பார்க்ஸ் என்ற கறுப்பினத்தவரின் வழக்கில், இனவாதம் இந்தச் சமூகத்தில் இருக்கிறது, ஆகவே ஜூரிமாரிடம் அதைப் பற்றிக் கேட்கக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிமை உண்டு என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிறகு மற்ற இனத்தவருக்கும் அது விரிந்தது. இன்று ஒன்ராறியோவில் ஒரு தமிழர் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்றால் நீதிபதிகள் பொதுவாக அனுமதிக்கிறார்கள். கேள்வி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"குற்றம் சாட்டப்பட்டவர் இலங்கையிலிருந்து வந்த தமிழர். இந்த உண்மை, சாட்சியத்தைப் பாரபட்சமோ முற்சாய்வோ இன்றிச் சீர்தூக்கிப் பார்க்கும் உங்கள் திறனைப் பாதிக்குமா?"

ஆம், இல்லை, தெரியாது. அவ்வளவுதான் பதில். ஒவ்வொருவராகக் கூண்டருகே வந்து நின்று பதில் சொல்வார்கள், நீதிபதி அவர் முகத்தையும் குரலையும் பார்த்து ஏற்பதா இல்லையா என்று முடிவு செய்வார். (முன்பு இந்த முடிவை ஜூரிமாரில் இரண்டு பேர் எடுத்தார்கள், இப்போது நீதிபதிதான்.) "இதனால் என்ன பிரயோசனம், இனவாதி தன்னை இனவாதி என்று சொல்வானா?" என்று கேட்பீர்கள். சிலர் சொல்லத்தான் செய்கிறார்கள். நூறு பேருக்கு முன்னால் வெளிப்படையாக இந்தக் கேள்வியைக் கேட்கும்போது, ஜூரியில் போய் உட்காரப்போகும் 12 பேரும் ஒரு முறையாவது தங்களுக்குள் யோசித்துப் பார்க்கிறார்கள், அதுவும் ஒரு பலன்.

கேட்க வேண்டியவை:

கேள்வியின் சொற்களை முன்கூட்டியே எழுதி நீதிபதியிடம் கொடுக்க வேண்டும். விசாரணைக்கு முந்தைய கூட்டத்தில், அதுதான் எல்லோரும் பிரீட்ரயல் என்கிறார்களே, அங்கேயே இது தொடங்கிவிடும். அந்தக் கூட்டம் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் சட்டத்தரணியிடம் "பார்க்ஸ் கேள்வி கேட்கிறோமா, கேட்காவிட்டால் ஏன்?" என்று நேராகவே கேளுங்கள். சில வழக்குகளில் வேண்டாம் என்பதற்கும் நல்ல காரணம் இருக்கலாம், ஆனால் அந்தக் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒருவர் பதில் சொல்வதை மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றால், பத்தாவது ஆள் எந்தப் பதில் சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று படித்துவிடுவார். அதனால் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு ஒவ்வொருவராகக் கேட்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அதையும் முன்னமே கேட்க வேண்டும்.

வழக்கு ஊடகத்தில் வந்திருந்தால் அதைப் பற்றியும் தனிக் கேள்வி கேட்கலாம். இதில் தமிழ் ஊடகங்களைச் சட்டத்தரணி பார்த்திருக்க மாட்டார். தமிழ் வானொலியில் போனது, வாட்ஸ்அப்பில் சுற்றியது, பேப்பரில் உங்கள் படத்தோடு வந்தது எல்லாவற்றையும் திகதியோடு எடுத்து, இரண்டு வரி ஆங்கில விளக்கத்தோடு கொடுங்கள். உங்கள் ஊர் முழுக்க வழக்கைப் பற்றிப் பேசுகிறது என்றால் வேறு நகரத்துக்கு மாற்றக் கேட்கவும் வழி இருக்கிறது, ஆனால் அது அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

கேள்விக்கு எல்லையும் உண்டு. குற்றம் அருவருப்பானது என்பதற்காக மட்டும், உதாரணமாகச் சிறுவர் மீதான பாலியல் குற்றம் என்பதற்காக மட்டும், ஜூரிமாரைக் கேள்வி கேட்க முடியாது என்று 2001இல் ஃபைண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஜூரிப் பட்டியலில் குறை இருந்தால்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வெல்வது கடினம். பட்டியல் பரந்த சமூகத்திலிருந்து எடுக்கப்பட அரசு நியாயமான முயற்சி செய்ய வேண்டும். அதற்கு மேல் உங்கள் இனத்தவர் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற உரிமை இல்லை. 2015இல் கோகோபெனஸ் வழக்கில் இதுதான் முடிவு. முழுப் பட்டியலையும் எதிர்க்க வேண்டுமானால் எழுத்தில் எதிர்க்க வேண்டும், அதிகாரியின் பாரபட்சம், மோசடி, வேண்டுமென்று செய்த தவறு ஆகிய மூன்றில் ஒன்றையாவது காட்ட வேண்டும். வந்திருப்பவர்களில் தமிழ் முகமே இல்லை என்பது இதில் எதுவும் அல்ல.

தெரிவு நாள்

தடுப்பில் இருப்பவர் என்றால் உடுப்பை முதலில் கவனியுங்கள். சிறை உடுப்போடு ஜூரி முன் போக வேண்டியதில்லை. வீட்டார் சேர்ட்டும் காற்சட்டையும் எப்படி, எந்த நாளுக்குள் கொடுக்கலாம் என்று சட்டத்தரணியிடம் ஒரு வாரம் முந்தியே கேட்டு வையுங்கள். ஜூரிமார் உள்ளே வரும் முன் கைவிலங்கைக் கழற்றச் சொல்லி, கூண்டுக்குப் பதிலாகச் சட்டத்தரணியின் மேசையில் இருக்க அனுமதி கேட்டு, விண்ணப்பிக்கலாம். இரண்டாவதை நீதிபதி மறுக்கக்கூடும், ஆனால் கேட்பதில் நட்டம் இல்லை.

உள்ளே நூறு பேர் அளவில் வந்து இருப்பார்கள். உங்கள் குற்றச்சாட்டை வாசிப்பார்கள், நீங்கள் எழுந்து நின்று குற்றவாளி இல்லை என்று சொல்வீர்கள். சாட்சிகளின் பெயர்களை நீதிபதி வாசிப்பார். நீதிபதியையோ, கிரவுனையோ, உங்களையோ, உங்கள் சட்டத்தரணியையோ, சாட்சிகளையோ தெரிந்தவர்கள் சொல்லிவிட்டு விலகலாம். பிறகு பெட்டியிலிருந்து அட்டைகளை எடுத்து இலக்கங்களைக் கூப்பிடுவார்கள். குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை, ஏற்கெனவே பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது என்று பலர் விலகுவார்கள். அதை நீதிபதி பார்த்துக்கொள்வார்.

இங்கே உங்களுக்கு இரண்டு வேலை.

முதலாவது, எல்லாம் உங்கள் காதுக்குக் கேட்க வேண்டும். 1987இல் பாரோ என்ற செனட்டரின் வழக்கில், நீதிபதி ஜூரிக்கு வந்தவர்களோடு எதிரிக்கும் சட்டத்தரணிக்கும் கேட்காதபடி தனியாகக் கதைத்தார். ஜூரி தெரிவு விசாரணையின் பகுதி, அதில் எதிரி முன்னிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் புது விசாரணைக்கு உத்தரவிட்டது. மேடையருகே குசுகுசுப்பது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால், மொழிபெயர்ப்பாளர் இடையில் நிறுத்திவிட்டார் என்றால், உடனே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள், அவர் அதைப் பதிவில் ஏற்றட்டும். ஜூரி தெரிவில் நடந்த சின்னச் சின்ன ஒழுங்கீனத்தைக் காட்டித் தீர்ப்பைப் பின்னர் கவிழ்க்க முடியாது என்று சட்டக் கோவையிலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் வாய் திறக்காதது பிறகு பெரிய இடைஞ்சலாகும்.

இரண்டாவது, முகங்களைப் பாருங்கள். ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் நம் ஆட்கள் இருக்கும் அளவுக்கு, வந்தவர்களில் ஒருவர் உங்கள் பழைய மாணவர் சங்கத்திலோ, கோயில் நிர்வாகத்திலோ, அண்ணனின் சம்பந்தி வீட்டிலோ பார்த்தவராக இருப்பது நடக்கக்கூடியதுதான். "எங்கட ஆள், பேசாமல் இருப்பம்" என்று நினைக்க வேண்டாம். அவர் உங்களுக்கு நல்லவர் என்று எப்படித் தெரியும்? ஊர்க் கதை எல்லாம் கேட்டு ஏற்கெனவே முடிவெடுத்திருக்கலாம். நல்லவராகவே இருந்தாலும், நடுவழியில் இந்த உறவு தெரியவந்தால் அவரை விலக்குவார்கள், சில நேரம் விசாரணையே மறுபடி முதலிலிருந்து. ஒரு துண்டில் எழுதிச் சட்டத்தரணியிடம் நீட்டுங்கள்.

ஒருவரைப் பற்றிச் சட்டப்படி காரணம் காட்ட முடியவில்லை, ஆனால் அவர் இருந்தால் பார்ப்பவர்களுக்கே நீதிமன்றத்தில் நம்பிக்கை குறையும் என்று தோன்றினால், அவரை ஒதுக்கி வைக்க நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. 2019 மாற்றத்தோடு வந்த சொற்கள் இவை. சட்டத்தரணி கேட்டுப் பார்க்கலாம், நிச்சயம் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். அதேபோல, மனதுக்குள் நம்மை அறியாமலே இருக்கும் சாய்வுகளைப் பற்றி ஜூரிமாருக்குத் தெளிவாக அறிவுறுத்தச் சொல்லியும் கேட்கலாம். சௌகான் தீர்ப்பு இதை வலியுறுத்துகிறது, ஆகவே இதற்கு நீதிபதி முகம் சுளிக்க மாட்டார்.

12 பேர் சத்தியம் செய்த பிறகு

நீண்ட வழக்கு என்றால் 13, 14 பேரையும் எடுக்கலாம், ஆனால் தீர்ப்புக்கு ஆலோசிக்கப் போவது 12 பேர்தான். அன்றிலிருந்து நீங்களோ உங்கள் வீட்டாரோ அவர்களோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. லிப்டில் ஒன்றாக ஏற நேர்ந்தால் இறங்கி அடுத்ததில் போங்கள். அம்மா நல்ல மனதோடு ஒரு "வணக்கம்" சொன்னாலும் அது பிரச்சினைதான், முகநூலில் தேடிப் பார்த்து நண்பராகச் சேர்வது அதைவிடப் பெரிய பிரச்சினை. 1995இல் வான்கூவரில் ஒரு கொலை வழக்கின் ஜூரரான கில்லியன் கெஸ், எதிரிகளில் ஒருவரோடு காதல் உறவு வைத்திருந்தார். எதிரி விடுதலையானார், ஆனால் நீதிக்கு இடையூறு செய்ததற்காக அந்த அம்மா சிறைக்குப் போனார், விடுதலைத் தீர்ப்பும் பிறகு நிற்கவில்லை.

விசாரணை நடக்கும்போது ஒரு ஜூரரைப் பற்றி ஏதாவது தெரியவந்தால், தூங்குகிறார், உங்கள் சாட்சியோடு வெளியே கதைத்தார், வழக்கைப் பற்றி இணையத்தில் எழுதினார் என்று எதுவாக இருந்தாலும், தீர்ப்பு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருக்காமல் அன்றைக்கே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். நீதிபதி விசாரித்து அவரை விலக்கினாலும், பத்துப் பேர் மிஞ்சும்வரை உங்கள் வழக்கு அந்த ஜூரியோடே தொடரும்.